யாரை வீரன் என்பது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் பேசுவதற்கென்றே சில தலைப்புகள் உண்டு. கல்வியின் சிறப்பு, பெற்றோர் கடமை, தாய்மொழிப் பற்று. அவை எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இன்றைக்கு நான் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அந்தச் சொல் ‘ஹீரோ’. தமிழில் சொன்னால் வீரன், நாயகன், கதாநாயகன்.

இது என்ன, பரிசளிப்பு விழாவில் சினிமாப் பேச்சா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த மாதிரி மேடைகளில் பிள்ளைகளைப் பார்த்து, “நீங்கள்தான் இன்றைய ஹீரோக்கள்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்கிற பிள்ளைக்கும் இனிக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

முதலில் சொற்களைப் பார்ப்போம். வீரன் என்றால் அஞ்சாதவன். நாயகன் என்றால் தலைவன். கதாநாயகன் என்றால் கதைக்குத் தலைவன். கதை யாரைச் சுற்றி ஓடுகிறதோ அவன், அவ்வளவுதான். கதாநாயகன் வீரனாக இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. சிலப்பதிகாரத்துக் கோவலன் கதாநாயகன்தான். கைப்பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு, கடைசியில் மனைவியின் காற்சிலம்பை விற்கப் போனவன். அரசன் முன்னால் நின்று, இது நியாயமா என்று கேட்டவள் கண்ணகி. கதைக்குத் தலைவன் ஒருவன். துணிவு இன்னொருத்தியிடம் இருந்தது. இந்த இரண்டையும் நம் முன்னோர் குழப்பிக்கொள்ளவில்லை.

ஹீரோ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. செத்துப்போன பெருமக்களின் கல்லறையில் படையல் வைத்துக் கும்பிடும் வழக்கம் பழைய கிரேக்கரிடம் இருந்தது. அப்படிக் கும்பிடப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. மலாய்மொழியில் ‘வீரா’ என்கிறோமே, அதுவும் நம் வீரனும் ஒரே வேர். இரண்டுக்கும் மூலம் வடமொழி. 1993-இல் நம் நாட்டுக் கார் ஒன்றுக்கு ‘புரோட்டோன் வீரா’ என்று பெயர் வைத்தார்கள். ஓட்டியவர்கள் எல்லாரும் வீரர்களா என்று கேட்டால், மாதாமாதம் தவறாமல் தவணை கட்டி முடித்தவர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பட்டத்தைக் கொடுக்கலாம்! சரி, விளையாட்டுப் பேச்சு போகட்டும்.

நம் தமிழ் நிலத்தில் அந்தக் காலத்தில் ஒருவனை வீரன் என்று சொல்ல வேண்டுமானால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. கல் நட்டார்கள். அதற்கு நடுகல் என்று பெயர். தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-இல் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவை 2,000 ஆண்டுக்கும் முற்பட்டவை. ஒரு கல்லில் மாடு கவர்ந்த பூசலில் மாண்டவனைப் பற்றிய எழுத்து இருக்கிறது. மன்னனுக்காகப் போரில் செத்தவனுக்குக் கல் உண்டு. ஊர் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. புலியோடு மல்லுக்கு நின்று மாண்டவனுக்கும் கல் உண்டு. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. திருக்குறளில் ‘படைச்செருக்கு’ என்ற 78-ஆம் அதிகாரத்திலும் கல்லாகி நின்ற வீரர்களைப் பற்றிய பேச்சு வருகிறது.

பிள்ளைகளே, உங்களுக்குப் பிடித்த ஒரு செய்தி சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். மாடு திருட வந்த கள்ளர்களைக் கடித்து நின்ற நாய் அது. எசமான் செத்த இடத்தை விட்டு ஓடவில்லை. அதனால் ஊரார் அதன் பெயரையும் கல்லில் வெட்டினார்கள். அந்த நாய் வேலை செய்துவிட்டுப் பெயர் வாங்கியது. இப்போது பாருங்கள், கடையில் வாங்கி வருகிற குட்டிக்கு, கண் திறக்கும் முன்னாலேயே ‘ஹீரோ’ன்னு பேர் வைத்துவிடுகிறோம்!

அந்தக் கல்லை வைத்துப் பார்த்தால் மூன்று காரியங்கள் தெரிகின்றன. ஒன்று, அவன் செய்தது தனக்காக இல்லை, அடுத்தவருக்காக. இரண்டு, அதற்காக அவன் எதையோ இழந்தான். பெரும்பாலும் உயிரையே இழந்தான். மூன்று, பெயரை அவன் தானே சூட்டிக்கொள்ளவில்லை. காரியம் முடிந்த பிறகு ஊர் கூடிக் கொடுத்தது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கல்.

இனி இந்தச் சொல் எப்படி இளைத்துப் போனது என்று பார்ப்போம்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாய் விரித்து, குழந்தை குட்டிகளோடு, கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பகல் முழுக்கத் துரைக்கும் கிராணிக்கும் தண்டலுக்கும் தலை குனிந்தவர்கள் அவர்கள். இராத்திரி அந்தத் துணியில் ஒருவன் பண்ணையாரைப் பார்த்து எதிர்க் கேள்வி கேட்டபோது கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். அது குற்றமே இல்லை. பகலில் அடக்கி வைத்த மூச்சை இராத்திரி விட்டார்கள். அந்தப் படங்கள் நம் மக்களுக்கு ஆறுதல் தந்தன. நல்ல தமிழும் தந்தன. நான் சினிமாவைத் திட்ட வரவில்லை.

எங்கே கோளாறு வந்தது என்றால், துணியைச் சுருட்டி எடுத்த பிறகும் அந்தப் பட்டம் நடிகர் மேலேயே ஒட்டிக்கொண்டது. படத்தில் ஏழைக்காகச் சண்டை போட்டவர் கதையில் வருகிற ஆள். நடித்தவர் தொழில் செய்து கூலி வாங்கியவர். நல்ல நடிப்பு என்றால் நல்ல நடிகர் என்று சொல்லலாம். அதை விட்டுவிட்டு வீரனுக்குரிய மாலையை அவருக்குப் போட்டோம். கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் வரைக்கும் போய்விட்டது. பாலைச் சிமெண்டுத் தரையில் ஊற்றுகிற இளைஞனின் வீட்டில், தங்கைக்குப் பால்மாவு வாங்க அம்மா கடன் சொல்லியிருப்பாள்.

அதற்கப்புறம் சொல்லுக்கு அணையே இல்லை. சோப்பு விற்கிறவனுக்கும் அது வேண்டும், கைப்பேசி விற்கிறவனுக்கும் வேண்டும். பிறந்தநாள் பதாகையில் மூன்று வயதுப் பையனைக் கறுப்புக் கண்ணாடி போட்டு நிறுத்தி ‘எங்கள் ஹீரோ’ என்று எழுதுகிறோம். குழந்தை, பாவம், கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்துக் கடிக்கிறது.

போனால் போகட்டும், ஒரு சொல்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சொல்லை எல்லாருக்கும் வாரி இறைத்தால் மூன்று கேடுகள் வருகின்றன.

முதல் கேடு நம் பையன்களுக்கு. வீரம் என்றால் சண்டை, ஹீரோ என்றால் எல்லாரும் பயப்படுகிற ஆள் என்று சின்ன வயதிலேயே பதிந்துவிட்டால், இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு, ‘அண்ணன்’, ‘தலை’ என்று தோளில் கைபோட ஒருவன் வரும்போது பையன் மயங்கிவிடுகிறான். பட்டம் கிடைக்கிறது, நாலு பேர் பின்னால் வருகிறார்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறார்கள். கடைசியில் போலீஸ் நிலையத்து வாசலில் அம்மாதான் நிற்கிறாள். ஒன்று கவனியுங்கள். சினிமாவிலாவது ஒருவன் பத்துப் பேரை அடிப்பான். இந்தக் கும்பல்களில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடிக்கிறார்கள். இதற்குப் பெயர் வீரமா? தமிழில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. கோழைத்தனம்.

இரண்டாவது கேடு உழைப்பவர்களுக்கு. பட்டம் கொடுப்பதற்குச் செலவில்லை பாருங்கள். அதனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது மருத்துவர்களையும் தாதியர்களையும் உலகம் முழுக்க ஹீரோ என்றார்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் 2021 ஜூலை 26-இல் நம் நாட்டு ஒப்பந்த மருத்துவர்கள், எங்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள் என்று கேட்டு வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது. கைதட்டல் நின்றுபோகும், வீட்டு வாடகை நிற்காது.

வீட்டிலும் இதே கதைதான். விடியும் முன்னே எழுந்து சமைத்து, நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போய், வந்து துணி துவைக்கிற அம்மாவை அன்னையர் தினத்தன்று ‘நீயே என் ஹீரோ’ என்று அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். நல்லதுதான், எழுதுங்கள். ஆனால் தம்பி, தங்கச்சி, அட்டையைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு இராத்திரி பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். அம்மாவுக்கு எது வேண்டுமென்று அம்மாவுக்குத் தெரியும்.

மூன்றாவது கேடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சொல்லை வேண்டாத இடத்தில் எல்லாம் செலவழித்துவிட்டு, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவே இல்லை. நம் தோட்டத்து மக்களின் வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியாது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தில் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பெண்களிடம் முறைகேடாக நடக்காதே என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும் என்றும் கேட்டார்கள். யாருக்காக? இன்றைக்கு இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் தாத்தா பாட்டிகளுக்காக. அவர்களுக்கு வழிகாட்டிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சைக்கிளை விட்டு இறங்காமல் இருப்பது சினிமாவில் ஒரு காட்சிக்குக்கூடக் காணாது. பறந்து பறந்து அடிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம் என்று தெரிந்துகொண்டே இருக்கையை விட்டு இறங்காமல் மிதித்துக்கொண்டு போனானே, அவனை நடுகல் நட்ட ஊரார் பார்த்திருந்தால் கல் தேடிப் போயிருப்பார்கள்.

அடுத்த இரண்டே ஆண்டில் இன்னொரு கொடுமை. 1942, 1943-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் அடியிலும் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெயர் பொறித்தவை. 1957-இல் அந்த ரயில் பாலத்தை வைத்து ஆங்கிலத்தில் ஒரு படம் எடுத்தார்கள். உலகமே பார்த்தது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஹீரோக்கள். தோட்டத்துத் தமிழனுக்கு அந்தக் கதையில் இடமில்லை. இந்த 2020-களில்தான் காஞ்சனபுரியில் நம்மவர்களுக்கும் ஒரு நடுகல் எழும்பியிருக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ரயில் பாதைக்குப் போனவர்கள் எல்லாரையும் வீரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் ஏமாற்றப்பட்டுப் போனார்கள், பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் கொடுமைக்கு ஆளானவர்கள். அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது பட்டம் அல்ல, நினைவு. உங்கள் குடும்பத்தில் அப்படிப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று இன்றைக்கு இராத்திரி பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதுவே ஒரு கல்.

இன்னொரு வகை வீரமும் நம்மிடம் உண்டு. அதற்கு முகமே கிடையாது. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். வேலையும் போய், குடியிருந்த லயமும் போய், நம் மக்கள் தெருவுக்கு வரும் நிலை. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் 10 வெள்ளி, 10 வெள்ளியாகப் பணம் கட்டினார்கள். அன்றைக்கு 10 வெள்ளி என்றால் பல நாள் வீட்டுச் சாமான். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். சம்பந்தன் பெயர் வரலாற்றில் நின்றது, நிற்க வேண்டியதுதான். ஆனால் தன் வீடு இருக்கிற தோட்டத்துக்கு ஆபத்து வராதபோதும், எங்கோ இருக்கிற இன்னொரு தமிழனுடைய வீடு நிலைக்கட்டும் என்று 10 வெள்ளி கொடுத்தாளே ஒரு பால்வெட்டுகிற அம்மா, அவள் பெயர் எந்தப் பதாகையிலும் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன? நம் அகப்பாட்டுகளில் தலைவனுக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. பெயரில்லாத் தலைவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர்.

இனி, பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு. நீங்கள் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறீர்கள், பேச்சுப் போட்டியில் வென்றிருக்கிறீர்கள், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறீர்கள். உங்களை நான் ஹீரோ என்று அழைக்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கென்று இதைவிடப் பொருத்தமான சொற்கள் தமிழில் இருக்கின்றன. கெட்டிக்காரன், உழைப்பாளி, திறமைசாலி, சாதனையாளர். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். ஓட்டம்கூட இல்லை, நடை! ஒவ்வோர் அடியாக வைத்துப் போய்த் தங்கத்தைத் தொட்டார். இதற்குச் சாதனை என்ற சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். நீங்களும் அந்தச் சொல்லுக்கு ஆசைப்படுங்கள்.

பரிசு வாங்காத பிள்ளைகளே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். “ஹீரோ இல்லேன்னா ஜீரோ” என்று விளையாட்டாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உலகத்தில் பாதிக்கு மேல் நல்ல மனிதர்கள் வாழ்கிறார்கள். வகுப்பில் ஒரு பையனை நாலு பேர் கேலி செய்யும்போது, அவன் பக்கத்தில் போய் உட்காருகிற பிள்ளைக்கு இந்த மேடையில் கோப்பை இல்லை. கூட்டாளிகள் கோபிப்பார்கள், அடுத்த நாள் நம்மையும் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் போய் உட்கார்ந்தால், அது சைக்கிளை விட்டு இறங்காத தாத்தாவின் இரத்தம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பாராட்டும்போது பொத்தாம் பொதுவாக ஹீரோ என்று சொல்லிவிடாமல், அவன் செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். “காய்ச்சலோட கிடந்த தங்கச்சிக்கு நீயே கஞ்சி வச்சுக் கொடுத்தியே, நல்லா இருந்துச்சுய்யா” என்று சொல்லிப் பாருங்கள். எது நல்ல காரியம் என்று பிள்ளைக்குப் புரியும். அதை மறுபடியும் செய்யும். வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு பிள்ளை எதைத் திரும்பச் செய்யும்?

இனிமேல் யாரையாவது ஹீரோ என்று சொல்லத் தோன்றினால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்காகச் செய்தான்? அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான்? அவனை ஹீரோ என்று சொல்வது யார், அவனா, ஊரா? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் வேறு நல்ல சொல் தேடுங்கள். நம் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை.